கடலுக்குச் சீட்டு கொடுத்தவர்கள்

வணக்கம் நேயர்களே. நம் வீட்டு அடுப்படியில் இருக்கிற புளியில் இருந்தே தொடங்குகிறேன். 1290-களில் சீனாவில் இருந்து ஊர் திரும்பும் வழியில் நம் கடல்களைக் கடந்து போன மார்க்கோ போலோ, குஜராத் கரைக் கடற்கொள்ளையர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கப்பலைப் பிடித்ததும் வியாபாரிகளை உட்காரவைத்து, கடல்தண்ணீரில் புளியைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்களாம். குடித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதில் முத்து இருக்கிறதா, மாணிக்கம் இருக்கிறதா என்று தேடுவார்களாம், ஏனென்றால் கொள்ளையர் கப்பலைக் கண்டதுமே வியாபாரிகள் கையில் இருக்கிற கல்லையும் முத்தையும் விழுங்கிவிடுவது வழக்கமாக இருந்திருக்கிறது.

அங்கிருந்து தெற்கே மலபாருக்கு வந்தால் முறை வேறு. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் கிளம்பும், பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே கிளம்பும், கோடை முழுவதும் கடலிலேயே இருக்கும் என்கிறார். இருபது முப்பது கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்தாறு மைல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். நூறு மைல் கடலுக்கு வேலி போட்ட மாதிரி. ஏதாவது ஒரு கப்பல் கண்ணில் பட்டால் தீயோ புகையோ காட்டி அடுத்த கப்பலுக்குச் சொல்லுவார்கள், அது அதற்கடுத்ததற்குச் சொல்லும், எல்லாம் கூடி வந்து வளைத்துக்கொள்ளும். சரக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்களை மட்டும் விட்டுவிடுவார்களாம். போய்த் திரும்பச் சம்பாதித்து வாருங்கள், எங்களிடமே மறுபடி வந்து சேருவீர்கள் என்று சொல்லி அனுப்புவார்களாம்.

இந்தக் கரையை நான் பல வருஷமாகப் படித்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருக்கிறேன். மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் தொடங்கி, கோவா, கார்வார், கண்ணூர், கோழிக்கோடு, கொச்சி என்று கொல்லம் வரைக்கும் போகிற மேற்குக் கரை. இங்கே ஏன் இவ்வளவு கொள்ளை நடந்தது என்று கேட்டால், கரையின் அமைப்பைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மலையில் இருந்து இறங்குகிற சின்னச் சின்ன ஆறுகள் வரிசையாகக் கடலில் கலக்கின்றன. ஒவ்வொரு கழிமுகத்திலும் மணல்திட்டு இருக்கிறது. துடுப்புப் போட்டு வலிக்கிற படகு அதன் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், துரத்தி வருகிற பெரிய கப்பல் வெளியே நின்றுவிட வேண்டியதுதான். அப்புறம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் கடல் அடைத்துக்கிடக்கும். அது தணிகிற நேரத்தில் அரபுக்கரைக் கப்பல்கள் வரும், மிளகு ஏற்றிக்கொண்டு வாடைக்காற்றில் திரும்பிப் போகும். எந்த மாதம், எந்தப் பக்கமிருந்து, என்ன சரக்கோடு கப்பல் வரும் என்பது கரையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தேதி குறித்து வருகிற செல்வம் அது.

இது மார்க்கோ போலோ காலத்துப் புதுக்கதையும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, முசிறித் துறைமுகம் இறங்குவதற்கு நல்ல இடம் இல்லை, பக்கத்திலேயே நிட்ரியாஸ் என்ற இடத்தில் கொள்ளையர்கள் இருக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். இந்தியாவுக்கு வருகிற கப்பல்களில் வில்வீரர்களை ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள் என்றும் சொல்கிறார். அதே முசிறிக்கு உரிய சேரர்களைப் பற்றி நம் பாட்டு என்ன சொல்கிறது? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் கப்பல் விட்டுப் போய், பகைவர்கள் காவல்மரமாகக் காத்துவந்த கடம்ப மரத்தை வெட்டிச் சாய்த்து, அந்த மரத்திலேயே முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடுகிறார். முருகன் கடலில் புகுந்து சூரனுடைய மாமரத்தை வெட்டியதோடு அதை ஒப்பிடுகிறார்.

அந்தக் கடம்பு மரத்துக்காரர்கள்தான் பிளினி சொன்ன கொள்ளையர்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பாட்டில் கொள்ளையர் என்ற சொல்லே கிடையாது. பகைவர்கள், அவ்வளவுதான். இன்னொரு பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். மலையமான் திருமுடிக்காரியைப் பாட வந்த மாறோக்கத்து நப்பசலையார், கபிலர் பாடிய பிறகு நாங்கள் பாட முடியாமல் நிற்கிறோம் என்று சொல்லுவதற்கு ஓர் உவமை தேடுகிறார். சேரனுடைய பொன் கொண்டுவரும் நாவாய் மேற்குக் கடலில் ஓடினால் அந்த வழியில் வேறு எந்தக் கலமும் போக முடியாதே, அந்த மாதிரி, என்கிறார். புறநானூற்றில் 126-ஆம் பாட்டு. சேரன் கப்பல் போனால் மற்றவன் போகக் கூடாது. இதைச் சேரன் சொன்னால் அரச பெருமை, கடம்பு மரத்துக்காரன் சொன்னால் கொள்ளை.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். இந்தக் கரையில் கொள்ளைக்காரன் என்ற பெயர் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், கடலில் போவதற்கு யார் அனுமதி கொடுப்பது என்ற சண்டையில் தோற்றவனுக்குக் கிடைத்திருக்கிறது.

கொஞ்சம் பொறுங்கள், கொள்ளையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது உண்மையான கொள்ளைதான். மொராக்கோவில் இருந்து வந்த பயணி இபன் பதூதாவைப் பாருங்கள். 1340-களில் மதுரை சுல்தானிடம் இருந்துவிட்டு, நம் கரையில் கப்பல் ஏறி, கொல்லத்தில் மூன்று மாதம் தங்கிவிட்டு வடக்கே ஹொன்னாவரத்துக்குப் புறப்பட்டார். வழியில் பன்னிரண்டு கப்பல்கள் வந்து வளைத்துக்கொண்டன. இலங்கை அரசர் கொடுத்த ரத்தினங்கள், துணிமணி, வழிச்செலவுக்கு வைத்திருந்தது எல்லாம் போய், கால்சட்டை ஒன்றோடு கரையில் இறக்கிவிடப்பட்டார். அப்படியே கோழிக்கோட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு பள்ளிவாசலில் தங்கினார். அங்கே ஒருவர் சட்டை கொடுத்தார், இன்னொருவர் தலைப்பாகை கொடுத்தார். உலகத்தையே சுற்றியவருக்கு நம் பக்கத்துக் கடலில் நடந்தது இது.

கரையிலும் ஒரு விதமான கொள்ளை இருந்தது, அதைச் செய்தது அரசர்கள். ஏழிமலை, சங்கப் பாட்டில் நன்னனுடைய ஏழில்மலை என்று வருமே, அந்த ஊர்த் துறையைப் பற்றி மார்க்கோ போலோ சொல்கிறார்: அங்கே வர வேண்டிய கப்பல் வந்தால் மரியாதையாக நடத்துவார்கள், வேறு ஊருக்குப் புறப்பட்டுக் காற்றில் ஒதுங்கி வந்துவிட்ட கப்பலாக இருந்தால் சரக்கு முழுவதையும் பிடுங்கிக்கொள்வார்கள். நீ வேறு எங்கோ போகக் கிளம்பினாய், கடவுள் உன்னை எங்களிடம் அனுப்பியிருக்கிறார், அதனால் இது எங்களுக்கு உரியது என்று சொல்லுவார்களாம். அதைத் தப்பு என்றே அவர்கள் நினைக்கவில்லை. கிழக்குக் கரையிலும் இந்த வழக்கம் உண்டு. மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-45-இல் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தார். புயலில் ஒதுங்கும் கப்பல்களின் பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் முன்னால் இருந்த அரசர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாம் சுங்கம் தவிர வேறு எதையும் தொட மாட்டோம் என்று அதில் இருக்கிறது. கல்லில் வெட்டி உறுதி கொடுக்கிற அளவுக்கு வியாபாரிகள் பயந்துபோயிருந்தார்கள். கோழிக்கோடு பெரிய ஊர் ஆனதற்கும் இதே காரணத்தைச் சொல்லலாம். 1442-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், எங்கிருந்து வந்த கப்பலாக இருந்தாலும், எங்கே போகிற கப்பலாக இருந்தாலும், கோழிக்கோட்டில் ஒரே மாதிரி நடத்துகிறார்கள் என்று வியந்து எழுதினார். அந்த நம்பிக்கைதான் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் செல்வம்.

அந்தத் துறைமுகத்துக்குத்தான் 1498-இல் வாஸ்கோ ட காமா வந்தார். நான்கு வருஷம் கழித்து மறுபடி வந்தபோது, மெக்காவில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு யாத்திரைக் கப்பலைப் பிடித்து, ஆண், பெண், குழந்தை என்று நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். அந்தப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சினார்கள் என்று போர்ச்சுக்கீசியரே எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும். அவரைக் கடற்கொள்ளையர் பட்டியலில் சேர்த்து எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அதற்கு அப்புறம் வந்ததுதான் சீட்டு. கர்த்தாஸ் என்று பெயர். காகிதத்துக்கான அரபுச் சொல்லில் இருந்து வந்தது. இந்துமாக்கடலில் போகிற எந்தக் கப்பலும் போர்ச்சுக்கீசியரிடம் காசு கொடுத்து இந்தச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அவர்கள் கோட்டை இருக்கிற துறையில் சுங்கம் கட்ட வேண்டும், மிளகு மாதிரியான சரக்கை ஏற்றக் கூடாது. சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், சரக்கை எடுத்துக்கொள்ளலாம், ஆட்களைக் கொல்லலாம். அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து ஓடிய கடலில் ஓடுவதற்கு நேற்று வந்தவனிடம் சீட்டு வாங்க வேண்டும். வாங்காதவன் கொள்ளைக்காரன்.

சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்கார்களின் கதைக்கு வருவதற்கு முன்னால், இந்தச் சீட்டு விஷயத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் கேப்டன் கிட். புதையல் கதைகளில் எல்லாம் வருவாரே, அவர்தான். 1695-இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன், ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் என்ற பெரிய கப்பலை யாத்திரிகர்களோடு பிடித்துக் கொடுமை செய்துவிட்டு, அகப்படாமல் மறைந்துபோனான். அதற்காக முகலாய அதிகாரிகள் சூரத்தில் இருந்த ஆங்கிலேயர்களைப் பிடித்து அடைத்தார்கள். அந்தக் கொதிப்பு அடங்காத காலத்தில், கொள்ளையர்களைப் பிடிப்பதற்கு என்று அரசரின் அதிகாரப் பத்திரத்தோடு கிட் நம் கடலுக்கு வந்தார். 1698 ஜனவரியில் கொச்சிப் பக்கத்தில் கெடா மெர்ச்சன்ட் என்ற கப்பலைப் பிடித்தார். பட்டு, மஸ்லின், சர்க்கரை எல்லாம் ஏற்றிய கப்பல், ஆர்மீனிய வியாபாரிகளுடையது. அந்தக் கப்பலின் கையில் இருந்தது பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த சீட்டு. பிரான்சோடு இங்கிலாந்துக்குச் சண்டை, ஆகவே பிடித்தது சரி என்பது கிட்டின் வாதம். லண்டனில் வழக்கு நடந்தபோது அந்தச் சீட்டுகளைக் காணோம். தன் கப்பல் பீரங்கிக்காரனை வாளியால் அடித்துக் கொன்ற குற்றமும் அவர் மேல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1701 மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கில் போட்டார்கள். முதல் தடவை கயிறு அறுந்து கீழே விழுந்தார், இரண்டாம் தடவை தொங்கவிட்டார்கள். இருநூறு வருஷம் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே லண்டன் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பிரெஞ்சுச் சீட்டுகள் கிடைத்தன.

இன்னொருவர் கானோஜி ஆங்கரே. மராட்டியக் கடற்படைத் தலைவர். அலிபாக்கில் கொலாபா கோட்டை அவருடைய இருப்பிடம். தண்ணீர் வடியும்போது நடந்தே போய்விடலாம், ஏறிவிட்டால் நாலு பக்கமும் கடல். போர்ச்சுக்கீசியர் செய்ததையே இவர் திருப்பிச் செய்தார். கொங்கணக் கடலில் போகிற கப்பல்கள் என்னிடம் தஸ்தக் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார். பம்பாயில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மறுத்தது. 1712-இல் பம்பாய் கவர்னரின் சொந்தப் படகையே பிடித்தார், அதில் இருந்த ஒரு கம்பெனி அதிகாரியின் மனைவியை விடுவிக்க ஆங்கிலேயர் 30,000 ரூபாய் கொடுத்தார்கள். கொள்ளைக்காரன் என்று கம்பெனி எழுதியது, படை எடுத்தது. 1718-இல் காந்தேரித் தீவில் தோற்றது, 1721-இல் போர்ச்சுக்கீசியரையும் சேர்த்துக்கொண்டு கொலாபாவில் தோற்றது. 1729-இல் அவர் சாகும்வரை யாராலும் அவரை அசைக்க முடியவில்லை.

அவருடைய மகன் துளாஜி காலத்தில், 1756-இல், ஆங்கிலக் கடற்படைத் தளபதி வாட்சனும் ராபர்ட் கிளைவும் விஜயதுர்க் கோட்டையைப் பிடித்து ஆங்கரேயின் கப்பல்களை எரித்தார்கள். கிடைக்கப்போகும் பொருளை எப்படிப் பங்கு போடுவது என்று பம்பாயில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கூடவே வந்த மராட்டியப் படைக்கு அதில் பங்கே இல்லை. ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய் கிடைத்தது, பங்கு போட்டுக்கொண்டார்கள். இது கொள்ளையரை ஒழித்த வெற்றி என்று ஆங்கில வரலாற்றில் பதிவானது. விஜயதுர்க்கில் இன்றும் ஊர்க்காரர்கள் சொல்லுகிற கதை ஒன்று உண்டு. கோட்டைக்கு முன்னால் கடலுக்கடியில் ஒரு சுவர் இருக்கிறது, துரத்தி வந்த பகைவர் கப்பல்கள் அதில் மோதி உடைந்துபோகும் என்று.

சரி, குஞ்ஞாலிக்கு வருகிறேன். நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்று ஓர் ஊர் இருக்கிறது. மலபாரில் இருந்து குமரி முனையைச் சுற்றிக்கொண்டு வந்த குஞ்ஞாலியின் கப்பல்கள் 1538-இல் அங்கே கரையொதுங்கியிருந்தபோது போர்ச்சுக்கீசியர் தாக்கி அவர்களைத் தோற்கடித்தார்கள். சின்ன வயதில் அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே இப்படி ஒரு சண்டை நடந்தது என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் மரைக்காயர் என்கிறோமே, அதே பெயர்தான் அங்கே மரைக்கார். மரக்கலத்தில் இருந்து வந்த பெயர் என்று சொல்லுவார்கள். வியாபாரம் செய்த குடும்பம். போர்ச்சுக்கீசியர் வியாபாரத்தை அடைத்த பிறகு, சாமூதிரியின் கடற்படைக்குத் தலைவர்கள் ஆனார்கள். குஞ்ஞாலி என்பது சாமூதிரி கொடுத்த பட்டம், அடுத்தடுத்து நான்கு பேர் அந்தப் பட்டத்தில் இருந்தார்கள்.

அவர்களுடைய சண்டை முறையைப் பார்த்தால் மார்க்கோ போலோ சொன்னதன் தொடர்ச்சி தெரியும். பெரிய கப்பல் கிடையாது. துடுப்பு வலிக்கிற சின்னப் படகுகள், கூட்டமாகக் கழிமுகத்தில் இருந்து பாய்ந்து வரும், காற்று இல்லாமல் தவிக்கிற போர்ச்சுக்கீசியக் கப்பலைச் சூழ்ந்து அடிக்கும், மறுபடி ஆற்றுக்குள் ஓடிவிடும். இப்படி ஒரு நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். போர்ச்சுக்கீசியச் சீட்டு வாங்கி ஓடிய அப்பாவி வியாபாரிகளின் சரக்கும் இதில் போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் குஞ்ஞாலி, வடகரைக்குப் பக்கத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில், சாமூதிரியின் அனுமதியோடு கோட்டை கட்டினார். அதனால்தான் அந்த இடத்துக்குக் கோட்டக்கல் என்று பெயர். 1595-இல் பட்டத்துக்கு வந்த நான்காம் குஞ்ஞாலி முகம்மது மரைக்கார் காலத்தில் எல்லாம் மாறியது. கடலுக்கு நானே அரசன் என்று சொல்லிக்கொண்டார் என்றும், சாமூதிரியின் யானை வாலை வெட்டிவிட்டார் என்றும் கதைகள் வந்தன. யானை வால் கதையை நான் முழுதாக நம்புவதில்லை. ஒருவனைக் கைவிட முடிவு செய்த பிறகு சொல்லப்படுகிற காரணம் மாதிரி இருக்கிறது. எப்படியோ, நூறு வருஷம் சண்டை போட்ட போர்ச்சுக்கீசியரோடு சாமூதிரியே கைகோத்தார்.

1599-இல் முதல் தாக்குதல். விடியற்காலையில் காட்ட வேண்டிய தீ அடையாளத்தை நள்ளிரவிலேயே காட்டிவிட்டதால் போர்ச்சுக்கீசியப் படை குழம்பிப்போய் நூற்றுக்கணக்கில் செத்தது. அடுத்த வருஷம் ஆந்த்ரே ஃபுர்த்தாது என்ற தளபதி வந்தார். கடல் பக்கம் போர்ச்சுக்கீசியர், நிலத்துப் பக்கம் சாமூதிரி. கோட்டைக்குள் சோறு இல்லை. உயிருக்கு ஆபத்து வராது என்று சாமூதிரி வாக்குக் கொடுத்த பிறகு, 1600 மார்ச் மாதம் குஞ்ஞாலி வெளியே வந்தார். தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, வாளின் முனையைக் கீழே பார்த்தபடி பிடித்துக்கொண்டு நடந்து வந்து, அந்த வாளைச் சாமூதிரியின் கையில் கொடுத்தார். போர்ச்சுக்கீசியரின் கையில் இல்லை. அதைக் கவனித்துப் பாருங்கள், அவர் பணிந்தது தன் அரசருக்கு மட்டும். பக்கத்தில் நின்ற ஃபுர்த்தாது அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டார். வாக்கு மீறப்பட்டதைக் கண்டு சாமூதிரியின் சொந்த நாயர் வீரர்களே கொந்தளித்தார்கள்.

கோவாவுக்குக் கொண்டுபோய், மதம் மாறச் சொல்லிப் பார்த்தார்கள், மறுத்தார். தலையை வெட்டி, உடலைத் துண்டாக்கிக் கடற்கரைகளில் காட்சிக்கு வைத்தார்கள். தலையை உப்புப் போட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, மலபார்க்காரர்கள் பார்க்கும்படி கம்பத்தில் நட்டார்கள்.

போர்ச்சுக்கீசிய ஏடுகளில் இன்றும் அவர் கொள்ளைக்காரர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படை மும்பையில் ஒரு தளத்துக்குக் குஞ்ஞாலி என்றும், இன்னொன்றுக்கு ஆங்கரே என்றும் பெயர் வைத்தது.

கோட்டக்கல்லில் அந்தக் கோட்டை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். குஞ்ஞாலி குடும்பத்தின் வீடு ஒன்றைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பீரங்கிக் குண்டுகளும் வாள்களும் இருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் கடலுக்குள் சில மைல் தூரத்தில் வெள்ளையாக ஒரு பாறை தெரியும். வெள்ளியாங்கல்லு என்பார்கள். பறவை எச்சத்தால் வெளுத்த பாறை. குஞ்ஞாலியின் ஆட்கள் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலில் இருந்தவர்களைப் பிடித்து அந்தப் பாறையில் வைத்து வெட்டினார்கள் என்று கதை, ஐரோப்பியர்கள் அதற்குப் பலிப்பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் போன அன்று மழை முடிந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்ததால் பாறை நன்றாகத் தெரிந்தது. போகிறவர்கள் அக்டோபருக்கு மேல் போங்கள், சாயங்காலமாகப் போங்கள்.

நன்றி, வணக்கம்.